சனிக்கிழமை பியானோ கச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு எங்கள் ஆலய ஹாலில் ஒரு பியானோ கச்சேரி. மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கும் ரோட்டில் ஹால் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து போனிலும் சாயாக்கடையிலும், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும் பலர் கேட்ட கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஹாலில் இருக்கும் பியானோவை டியூன் செய்வதும் நான்தான்.

வாசிக்கப் போவது யார்?

விளவங்கோடு தாலுகாவில் பிறந்து வளர்ந்த பெண். பெயரும் படமும் நோட்டீசில் இருக்கின்றன. ஏழு வயதில் என்னிடம் வந்தாள். பதினைந்தில், என்னால் சொல்லிக்கொடுக்க முடிவது முடிந்துவிட்டது என்று அவள் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். பிறகு சென்னையிலும் வெளிநாட்டிலும் படித்தாள். இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும்போது நமக்காக வாசிக்கிறாள். (கச்சேரியைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். மேடைக்கு உரிய மரியாதை அது.)

ஒரே ஆளா? பாட்டு, வயலின், மிருதங்கம் எதுவும் கிடையாதா?

கிடையாது. ஒரு பியானோ, ஒரு ஆள், மொத்தம் ஒன்றரை மணி நேரம், நடுவில் இடைவேளை.

இந்த வழக்கமே அப்படிப் பழையது இல்லை. 1830கள் வரை ஐரோப்பாவிலும் கச்சேரி என்றால் பாடகர், வயலின்காரர், பியானோக்காரர் என்று ஆளுக்கு ஒன்றாக மாறி மாறித்தான் நடக்கும். ஹங்கேரிக்காரரான ஃபிரான்ஸ் லிஸ்ட் 1839இல் ரோம் நகரில் யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக வாசித்துப் பார்த்தார். அடுத்த வருஷம் ஜூன் மாதம் லண்டனில் அதே மாதிரி வாசித்தபோதுதான் ‘ரிசைட்டல்’ என்ற சொல் முதல் தடவையாக விளம்பரத்தில் வந்தது. ஒப்பித்தல் என்று பொருள்படும் சொல். பியானோவில் எப்படி ஒப்பிப்பது என்று அன்றைக்கு லண்டன்காரர்களே குழம்பினார்கள். பியானோவைப் பக்கவாட்டில் போட்டு, மூடியைச் சபையைப் பார்த்துத் திறந்து வைக்கும் வழக்கத்தைப் பரப்பியதும் லிஸ்ட்தான். சனிக்கிழமையும் அப்படித்தான் போட்டிருப்போம்.

‘ரொமாண்டிக்’ என்று நோட்டீசில் இருக்கிறதே, காதல் பாட்டுகளா?

இல்லை. ரொமாண்டிக் என்பது ஒரு காலத்தின் பெயர். ஏறக்குறைய 1820 முதல் 1900 வரை. கட்டமைப்பின் ஒழுங்கைவிடத் தன் மனசுக்குள் ஓடுவதைச் சொல்வதே பெரிசு என்று இசை எழுதியவர்கள் நினைத்த காலம். அதில் காதலும் உண்டு. சாவு, மழை, குழந்தைப் பருவம், பிறந்த நாட்டை விட்டுப் போன ஏக்கம் எல்லாமும் உண்டு.

அதே காலத்தில் பியானோவும் மாறியது. மரச்சட்டம் போய் வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது. 1821இல் பாரிசைச் சேர்ந்த எரார்ட் கம்பெனி, விரல் அழுத்தும் கட்டையை முழுக்க மேலே விடாமலேயே மறுபடி தட்டும்படியான ஒரு பொறிக்குக் காப்புரிமை வாங்கியது. வாத்தியம் பெரிசாக, எழுத்தும் பெரிசாகியது.

எனக்கு மேற்கத்திய சங்கீதம் ஒன்றும் தெரியாது. வந்து உட்கார்ந்தால் புரியுமா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் ராத்திரி கேரல் ரவுண்டில் ‘கேள்! ஜென்மித்த ராயர்க்கே’ பாடாத வீடு நம் பக்கத்தில் உண்டா? அந்த மெட்டு மெண்டல்சோன் என்ற ஜெர்மன் இசைக்காரருடையது. அச்சுக்கலையின் நானூறாம் ஆண்டு விழாவுக்காக 1840இல் ஜெர்மனியில் எழுதினார். அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1855இல், ஓர் ஆங்கிலேய இசைக்காரர்தான் அதைக் கிறிஸ்துமஸ் பாட்டின் வரிகளோடு சேர்த்தார். ஆலயத்தில் கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வரும்போது ஆர்கனில் வாசிக்கும் மார்ச் இருக்கிறதே, அதுவும் அவருடையதுதான், 1842. சனிக்கிழமை அந்த மெண்டல்சோனின் மூன்று சின்ன இசைத் துண்டுகள் இருக்கின்றன. பழக்கமானவர் வீட்டுக்குத்தான் வருகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல். அன்று முதல் இந்த மண்ணில் ராகத்தில் பாடும் கீர்த்தனையும் மேற்கத்திய மெட்டில் பாடும் பாமாலையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்திருக்கின்றன. காலையில் ஒரு ராகத்தில் கீர்த்தனை பாடிவிட்டு, அடுத்த நிமிஷமே சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலில் பாமாலைக்கு மாறுகிற காது நம்முடையது. கொயரில் பேஸ் பாடும் எங்கள் பெரியப்பா ஒருவருக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது. ஆனால் டெனர்காரர் அரைச் சுரம் இறங்கினால் திரும்பி முறைப்பார். அந்தக் காது போதும்.

நான் கர்நாடக சங்கீத ரசிகன். கமகம் இல்லாத வாத்தியத்தில் என்ன இருக்கிறது?

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். வருஷா வருஷம் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துக்குத் தவறாமல் போகிறவர். அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆமாம், சுரத்தை அசைத்து இழுக்கும் கமகம் கிடையாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. தோடி ராகத்தைப் பியானோவில் வாசித்தால் தோடி வராது. அந்தக் குறையை மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் காது வைக்க வேண்டிய வேறு இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, சட்ஜம், அதாவது ஸா. நமக்குத் தம்புரா தொடங்கியதும் ஸா ஊன்றிவிடும். கச்சேரி முடியும்வரை அது நகராது. இங்கே தம்புரா இல்லை. ஸாவே வீடு மாறும். ஒரு துண்டு ஐந்து கட்டைச் சுருதியில் தொடங்கி, நடுவில் வேறெங்கோ குடியேறி, கடைசியில் ஐந்துக்கே திரும்பும். ஸாவை வேறு சுரத்துக்கு மாற்றிக் காட்டும் கிரகபேதத்தில் ஒரு நிமிஷம் தரை நழுவுவது போலத் தோன்றுமே, அதே உணர்ச்சி இங்கே திரும்பத் திரும்ப வரும். ராகம் கண்டுபிடிக்க முயல வேண்டாம். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் சுரங்கள், மைனரில் ஒரு வகை நடபைரவி, இன்னொன்று கீரவாணி. சுரங்கள் அவைதான் என்றாலும் ராகமாகக் கேட்டால் ஏமாற்றம்தான் வரும். ஸா எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது என்று மட்டும் பின்தொடருங்கள்.

இரண்டாவது, காலப்பிரமாணம், அதாவது வேகம். ‘ரூபாட்டோ’ என்பார்கள், திருடிய நேரம் என்று அர்த்தம். வலக்கையின் மெட்டு கொஞ்சம் தயங்கும், கொஞ்சம் முந்தும். இடக்கை அசையாமல் நடக்கும். இடக்கைதான் கொயர் மாஸ்டர், அது தடுமாறக் கூடாது என்று போலந்துக்காரரான ஷோப்பன் சொல்வார் என அவரிடம் படித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தாளம் தவறாமல், சாகித்தியத்தை ஓர் இழை தள்ளி எடுக்கும் நல்ல பாடகரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் ஊர்வலமாகக் குழித்துறையில் தங்கி, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போவதை நாம் எல்லோரும் ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறோம். சங்கீதத்துக்காக எல்லை தாண்டுவது இந்த ரோட்டுக்குப் புதுசில்லை. அந்தப் பெரியவர் வருவதாகச் சொல்லிவிட்டார்.

பியானோவும் கீபோர்டும் ஒன்றுதானே? ஆலயத்தில்தான் கீபோர்டு இருக்கிறதே?

ஒன்றில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கச்சேரியின் ரகசியமே இங்கேதான் இருக்கிறது.

ஆர்கனிலும், ஆர்மோனியத்திலும், கீபோர்டின் பல ஒலிகளிலும் விரல் அழுத்தியிருக்கும்வரை சத்தம் நிற்கும். பியானோவில் அப்படி இல்லை. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சின்னச் சுத்தியல் எகிறி, கம்பியை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுக் கீழே விழுகிறது. தட்டிய அந்தக் கணமே சத்தம் தேயத் தொடங்குகிறது. நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அதைப் பெருக்க முடியாது. ஒவ்வொரு சுரமும் பிறந்த உடனே சாகத் தொடங்கும் வாத்தியம் இது. 88 கட்டைகள், 200க்கு மேல் கம்பிகள், இரும்புச் சட்டத்தின்மேல் எல்லாமாகச் சேர்ந்து 15 டன்னுக்கும் மேலான இழுவிசை. இவ்வளவு இருந்தும் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த வழியில்லை.

ரொமாண்டிக் காலத்து ஷோப்பனும் ஷூமனும் பிராம்சும் எழுதியதெல்லாம் இந்தத் தேய்மானத்தோடு நடத்திய போராட்டம் என்றே எனக்குப் படுகிறது. செத்துக்கொண்டிருக்கும் சுரங்களை வைத்து, குரல் மாதிரி நீண்டு பாடுகிற ஒரு வரியை எப்படி உண்டாக்குவது? அடுத்த சுரத்தை, முந்தையது தேய்ந்து எந்த அளவில் நிற்கிறதோ அதே அளவில் தொட வேண்டும். கொஞ்சம் பலமாகத் தொட்டால் வரி உடையும். கீழே இடக்கையில் அலை மாதிரி சுரங்களை ஓடவிட்டு, மேலே தேயும் சுரத்துக்கு அடியில் தண்ணீர் ஊற்றுவது போலத் தாங்க வேண்டும். வலக்கால் மிதியை (பெடலை) அழுத்தினால் எல்லாத் தடைக்கட்டைகளும் கம்பியை விட்டு எழும்பி, தட்டாத கம்பிகளும் சேர்ந்து முனகும். அந்த மிதியை எப்போது விடுவது என்பதில்தான் பாதி வித்தை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்கு வந்திருந்தார். பிராம்சின் துண்டில் ஒரே ஒரு வரி, மூன்று சுரம் வரும் இடம். நான் பின்பெஞ்சில் இருந்து எண்ணினேன், முப்பது தடவைக்கு மேல் வாசித்தார். சுரம் தெரியாமல் இல்லை, அவை எல்லாம் பத்து வயதுப் பிள்ளை வாசிக்கும் சுரங்கள். மூன்றாவது சுரத்தின் எடைதான் பிரச்சினை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தார். மிதியை முழுக்க விடாமல், தாள் கனத்துக்குத் தூக்கிப் பிடித்தபோது பழைய சுரம் கரைந்து புதுசு மட்டும் நின்றது. “மாஸ்டர், இதா?” என்றார். இதுதான்.

மேடையில் என்னென்ன வாசிக்கப் போகிறார்?

முதல் பாதி: ஷூபர்ட், மெண்டல்சோன், ஷூமன்.

ஷூபர்ட்டின் இம்ப்ராம்ப்டு (சட்டென்று தோன்றியது போன்ற சின்னத் துண்டு), ஓபஸ் 90இல் மூன்றாவது. ஓபஸ் என்பது படைப்புக்குக் கொடுக்கும் எண். 1827இல், சாவதற்கு முந்தைய வருஷம் எழுதினார். நம் கணக்கில் நாலரைக் கட்டை. கறுப்புக் கட்டைகள் நிறைந்த அந்தச் சுருதியைக் கண்டு வாங்குகிறவர்கள் மிரளுவார்கள் என்று நினைத்தோ என்னவோ, முதலில் அச்சிட்ட பதிப்பாளர் ஐந்து கட்டைக்கு மாற்றிப் போட்டுவிட்டார். அதுவும் ஷூபர்ட் இறந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து. இப்போது எல்லோரும் நாலரையில்தான் வாசிக்கிறார்கள். மேலே ஒரு நீண்ட மெட்டு, நடுவில் ஓயாத நீரோட்டம். முந்தைய பதிலில் சொன்ன தாங்கிப்பிடிப்பு என்ன என்று இதிலேயே தெரிந்துவிடும்.

மெண்டல்சோனின் ‘வார்த்தையில்லாப் பாடல்கள்’ வரிசையில் மூன்று. ஆளுக்குப் பிடித்த வார்த்தையைப் போட்டுக்கொள்ளலாம்.

ஷூமனின் ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’, ஓபஸ் 15, 1838. பதின்மூன்று சின்னத் துண்டுகள். பெயரைப் பார்த்துப் பிள்ளைகளுக்கான பாடம் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த ஒருவர் திரும்பிப் பார்க்கும் குழந்தைப் பருவம் இது. பிள்ளைகள் வாசிப்பதற்கென்று பத்து வருஷம் கழித்து வேறொரு தொகுப்பு எழுதினார். இந்தக் காட்சிகளுக்காகச் சுமார் முப்பது சின்னத் துண்டுகள் எழுதி அதிலிருந்து ஏறக்குறைய ஒரு டஜனைப் பொறுக்கியதாகத் தன் காதலி கிளாராவுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஏழாவது, ‘கனவு’, உலகமெல்லாம் தெரிந்தது, கேட்டதும் “அட, இதா!” என்பீர்கள். எனக்குக் கடைசித் துண்டுதான் மேல். ‘கவிஞர் பேசுகிறார்’ என்று பெயர். நடுவில் மெட்டு அப்படியே நின்று, ஒரு ஆள் யோசித்து யோசித்துப் பேசுவது மாதிரி சில சுரங்கள் தனியாக வரும். அந்த இடத்தில் ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கவனித்துப் பாருங்கள்.

இரண்டாம் பாதி: ஷோப்பன், பிராம்ஸ், லிஸ்ட்.

ஷோப்பனின் நாக்டர்ன் ஒன்று, ஓபஸ் 27இல் இரண்டாவது, ஒன்றரைக் கட்டை. நாக்டர்ன் என்றால் இரவு இசை. அந்த வகையைத் தொடங்கி வைத்தவர் ஜான் ஃபீல்டு என்ற அயர்லாந்துக்காரர். ஷோப்பன் கையில்தான் அது எங்கேயோ போயிற்று. அப்புறம் முதல் பாலாட், 1836இல் அச்சானது, பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாலாட் என்றால் கதைப்பாட்டு. கதை என்னவென்று ஷோப்பன் எங்கும் எழுதவில்லை. இரண்டு கையும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறும் தொடக்கத்தைக் கேளுங்கள். அங்கே கேட்கும் ஸா உண்மையான ஸா இல்லை. சில வரி கழித்துத்தான் ஐந்து கட்டை என்பது தெரியும். கதைசொல்லி வேறு ஏதோ பேச்சை எடுத்து, பிறகு விஷயத்துக்கு வருகிற மாதிரி. கடைசி ஒரு நிமிஷம் பிய்த்துக்கொண்டு போகும்.

பிராம்ஸ், ஓபஸ் 118இல் இரண்டாவது, இண்டர்மெட்சோ என்ற சின்னத் துண்டு. 1893இல், அறுபதாவது வயதில். அதற்குள் ஷூமன் இறந்து முப்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது. அவர் மனைவி கிளாராவுக்குத்தான் பிராம்ஸ் இதைச் சமர்ப்பித்தார். இதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை. சனிக்கிழமை கேளுங்கள்.

கடைசியில் ஷூமன் எழுதி லிஸ்ட் பியானோவுக்கு மாற்றிய ‘அர்ப்பணம்’. 1840 செப்டம்பரில் கிளாராவைக் கல்யாணம் செய்தபோது ஷூமன் கொடுத்த பாடல் தொகுப்பில் முதல் பாட்டு இது. கிளாராவின் அப்பா அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல், கோர்ட்டு வரை போய்த்தான் அனுமதி கிடைத்தது. சீதனமாக நகை போடும் ஊரில் இருக்கிறோம். மாப்பிள்ளை பெண்ணுக்கு இருபத்தாறு பாட்டுப் போட்ட கல்யாணம் அது.

எந்த இடத்தில் கைதட்ட வேண்டும்?

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சபையைப் பார்க்கும்போது. ஷூமனின் பதின்மூன்று துண்டுகளும் ஒரே மாலை, நடுவில் தட்ட வேண்டாம். மூன்று மெண்டல்சோனும் அப்படியே. மறந்து தட்டிவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அந்தக் காலத்தில் ஐரோப்பாக்காரர்களே நடுவில் தட்டியவர்கள்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: கடைசிச் சுரம் தேய்ந்து முடியட்டும். அதுவும் எழுதப்பட்ட இசையில் சேர்த்திதான்.

நோட்டுப் பார்க்காமலா வாசிப்பார்?

ஆமாம், எல்லாம் மனப்பாடம். மேடையில் நோட்டில்லாமல் வாசிக்கும் வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவர்களில் கிளாரா ஷூமன் ஒருவர். அப்போது அதை ஆணவம் என்று ஏசியவர்களும் உண்டு.

மைக் வைப்பீர்களா?

பேச்சுக்கு மட்டும். பியானோவுக்கு வைக்க மாட்டோம். இருநூறு பேர் உட்காரும் ஹாலுக்கு ஆறடி கிராண்ட் பியானோ தாராளம். முதல் ஐந்து நிமிஷம் சத்தம் குறைவாகத் தோன்றும். காது பழகியதும் சரியாகிவிடும்.

மழை பெய்தால்? கரண்ட் போனால்?

கரண்ட் போனால் பிரச்சினை இல்லை, இந்த வாத்தியத்துக்கு அது வேண்டாம். இரண்டு எமர்ஜென்சி லைட் வைத்திருக்கிறோம்.

மழைதான் பெரிய விஷயம். நமக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்ற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஹாலின் முன்பாதி ஓடு, பின்பாதி தகர ஷீட். போன வருஷம் நாக்டர்ன் நடுவில் மழை கொட்டியது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு சுரம்கூடக் கேட்கவில்லை. அவர் பத்து வரி வாசித்துப் பார்த்தார், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் எழுந்து போகவில்லை. கால் மணி நேரம் எல்லோரும் மழையைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். மழை விட்டு, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியபோது ஒன்றும் சொல்லாமல் முதலிலிருந்து தொடங்கினார். இந்த வருஷமும் மழை வந்தால் அதையேதான் செய்வோம். ஷீட்டின் அடியில் சணல் சாக்கு அடித்திருக்கிறோம், சத்தம் பாதி குறைந்திருக்கிறது.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது?

விரலைப் பார்க்க வேண்டுமென்றால் இடப்பக்கம். ஒலிக்கு வலப்பக்கம்தான் மேல். நான் வலப்பக்கம் கடைசியில், ஓடு முடியும் இடத்தில் இருப்பேன்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வாருங்கள். வாசல் பக்கம் இருங்கள், சிணுங்கினால் வெளியே கொண்டுபோய்விட்டு வரலாம். இடைவேளையில் சுக்குக் காப்பியும் பழமும் உண்டு.

என் மகள் கிரேடு பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுக்கு உபயோகப்படுமா?

அவளைக் கட்டாயம் அனுப்புங்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பரீட்சைக்கான மூன்று துண்டுகளையே வருஷம் முழுக்க அரைத்து, டிஸ்டிங்ஷன் வாங்கி, எட்டாவது கிரேடு முடித்த அன்றைக்கே பியானோவை மூடிவைக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அதில் நான் சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. ஒரு முழுக் கச்சேரியை நேரில் கேட்காத பிள்ளைக்கு அந்தத் துண்டுகள் எந்தக் காட்டிலிருந்து வெட்டியவை என்று தெரியாது. மகளிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: விரலைப் பார்க்காதே, வலக்காலைப் பார்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பியானோ சும்மா கிடக்கிறது. சரிசெய்ய முடியுமா?

கச்சேரிக்குச் சம்பந்தமில்லை என்றாலும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். பழைய மிஷன் பங்களாக்களிலிருந்தும் எஸ்டேட்டிலிருந்தும் வந்த நிற்கும் பியானோக்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன.

முதலில் அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள், கரையான் இருந்தால் பொக்கென்று கேட்கும். கம்பளியை அந்துப்பூச்சியும் எலியும் தின்றிருக்கும், அதை மாற்றலாம். முறுக்காணி பதித்த பலகை வெடித்திருந்தால் செலவு பெரிது, நன்றாக யோசித்துச் செய்யுங்கள். பல வருஷம் டியூன் செய்யாததை ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றச் சொல்லாதீர்கள், கம்பி அறும். இரண்டு மூன்று தடவையாக ஏற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் நம் காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேலே நிற்கும். பியானோவுக்குப் பிடித்தது 50ஐ ஒட்டி. மரம் ஊறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். உள்ளே அடிப்பக்கம் ஒரு சின்னக் குண்டு பல்பை, துணியிலும் மரத்திலும் படாமல் எரியவிடுவது பழைய முறை, இன்றும் பலிக்கிறது. தயவுசெய்து ஒட்டிய கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஒரு வீட்டில் அப்படி விட்டு, எண்ணெய் கம்பளியில் இறங்கி, எண்பத்தெட்டுக் கட்டையையும் கழற்றி எடுக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

டிக்கெட் உண்டா? பேச்சு எந்த மொழியில்? எப்படி வருவது?

டிக்கெட் இல்லை. வாசலில் பெட்டி இருக்கும், போட முடிந்தவர்கள் போடலாம், பியானோவின் பராமரிப்புக்குத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் தமிழில் இரண்டு வார்த்தை, மலையாளத்தில் இரண்டு வார்த்தை சொல்வார். பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் களியக்காவிளையில் இறங்கி மார்த்தாண்டம் பஸ் ஏறுங்கள். ரயிலில் வந்தால் குழித்துறை ஸ்டேஷன். ஏழரை, ஏழே முக்காலுக்குள் முடித்துவிடுவோம்.

போனில் ரெக்கார்டு செய்யலாமா?

வேண்டாம். கடைசித் துண்டை மட்டும் நாங்களே எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம்.

முடிந்த பிறகு பியானோவைத் தொட்டுப் பார்க்கலாமா?

கேட்டது ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையன். தாராளமாகத் தொடலாம், மக்களே. கைகழுவிவிட்டு வா, மேடைக்கு இடப்பக்கம் படி இருக்கிறது. வலது கடைசிக் கட்டையை முதலில் தட்டிப் பார், டக்கென்று போய்விடும். பிறகு இடது கடைசிக்கு வந்து, வலது மிதியை அழுத்திக்கொண்டு, ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுக் காதைப் பக்கத்தில் வை. எத்தனை வரை எண்ண முடிகிறது என்று என்னிடம் வந்து சொல். ஹாலில் சத்தம் அடங்கியிருந்தால் முப்பது தாண்டும்.